பத்திரத்தில் தெரியாத வில்லங்கம்

ஒசூரில் மனை பார்க்க வருகிறவர்கள் இன்று கேட்கும் முதல் கேள்வி, 'டிடிசிபி அப்ரூவல் இருக்கிறதா?' என்பதுதான். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அந்த அனுமதியைக் கேட்பது வரவேற்க வேண்டிய மாற்றம். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லை நம்பி, விளைநிலத்தில் கல் நட்டுப் பிரித்த துண்டுகளை வாங்கிய காலம் ஒன்று இருந்தது. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவுசெய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மறு ஆண்டு வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமும் வந்தது. வாங்குகிறவரின் பத்திரத்துக்கு ஓரளவு காவல் கிடைத்தது.

ஆனால், பட்டாவும் தாய்ப்பத்திரமும் சுத்தமாக இருக்கும் மனையிலும் மழைக்காலத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. யார் யாருக்கு விற்றார், அடமானம் உண்டா என்பதை வில்லங்கச் சான்று சொல்லும். ஏரிக்கு நீர் கொண்டுபோன வாய்க்கால் அந்த இடத்தில் ஓடியதா, குடிநீர் எங்கிருந்து வரும், கழிவுநீர் எங்கே போகும் என்பதையெல்லாம் அது சொல்லாது. குடியேறிய பிறகு கழுத்தைப் பிடிப்பவை இந்த வில்லங்கங்கள்தான்.

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து ஒசூர் வளர்ந்துகொண்டே இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 1.16 லட்சம் பேர் வாழ்ந்த நகராட்சி, 2019-இல் மாநகராட்சி ஆனது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தது. ஆனாலும், விளிம்பில் புதிதாக முளைக்கும் நகர்கள் பலவற்றுக்கு ஆழ்துளைக் கிணறும் லாரித் தண்ணீரும்தான் கதி. கழிவுநீருக்கு செப்டிக் டேங்க். அது நிரம்பி வழிந்தால் பள்ளத்தில் இருக்கும் ஏரிதான் வடிகால். பெங்களூரின் கழிவு தென்பெண்ணையில் கலந்து கெலவரப்பள்ளி அணையில் நுரையாகப் பொங்குவதைப் பார்த்த ஊர் இது. மேட்டில் இருக்கும் ஊர் தன் கழிவைக் கவனிக்காவிட்டால் பள்ளத்தில் இருப்பவர்கள் என்ன பாடுபடுவார்கள் என்று ஒசூருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதே தவற்றை நம் ஏரிகளுக்கு நாமே செய்வது எப்படி நியாயமாகும்?

பணம் இல்லை என்பது பதிலாகாது. இன்று மனைப் பதிவுக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 30 லட்ச ரூபாய் மனைக்கு 2.70 லட்சம் கட்டுகிறோம். அந்த 7 விழுக்காட்டில் 2 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கான பங்கு. அதாவது ஒரு மனைக்கு 60,000 ரூபாய். நூறு மனை கொண்ட நகரிலிருந்து 60 லட்சம். அந்தத் தொகையின் ஒரு பகுதியையாவது அதே நகரின் வடிகாலுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் என்று ஒதுக்குவதை அரசு விதியாக்க வேண்டும்.

இன்னொன்றும் செய்யலாம். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும்போதே, குடிநீரின் ஆதாரம், கழிவுநீர் சேரும் இடம், நிலத்தின் ஊடாகவோ அருகிலோ உள்ள ஓடை, வாய்க்கால் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, ஒவ்வொரு கிரயப் பத்திரத்தோடும் இணைக்கட்டும். இவை புல வரைபடத்திலும் உள்ளாட்சிக் கோப்புகளிலும் சிதறிக் கிடக்கும் செய்திகள். அவற்றைத் தேடித் திரட்டும் வேலையை, மாதச் சம்பளத்தில் வாழ்ந்து, லீவு போட்டுவிட்டு அலையும் ஒரு குடும்பத்தின் தலையில் சுமத்துவது அநீதி.

அதுவரை, வாங்குகிறவர்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும். புல வரைபடத்தை விவரம் தெரிந்த சர்வேயரிடம் காட்டுங்கள். பலத்த மழை பெய்த மறுநாள் அந்த இடத்துக்குப் போய், பக்கத்து வயல்காரரிடம் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கேளுங்கள். அவருக்குத் தெரிந்த உண்மை, இருபது ஆண்டுக் கடனில் கையெழுத்துப் போடும் குடும்பத்துக்கும் தெரிந்தாக வேண்டும். அதைப் பத்திரத்தில் ஏற்றுவது அரசின் கடமை.