யாருடைய ஏலம்?

வியாபாரம் நலிகிறதா? விளம்பரம் செய்! பணமில்லையா? இணையத்தில் செய்! அதற்கும் பணம் போதாதா? நாளொன்றுக்குச் சில நூறு ரூபா போதும்! மன்னார்த் தீவின் ஊர் மண்டபங்களிலே இன்று ஒலிக்கும் புதிய உபதேசம் இது.

கருவாடு காயவைக்கும் பெண்ணும், பனையோலையில் பெட்டி இழைக்கும் முதியவளும், நண்டு வலை போடும் இளைஞனும் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். படம் எடுப்பது எப்படி, கவர்ச்சியான வாசகம் எழுதுவது எப்படி, வங்கி அட்டையின் இலக்கத்தைப் பதிவது எப்படி என்று அவர்களுக்குப் போதிக்கப்படுகிறது. மாலையில் சான்றிதழ் வழங்குகிறார்கள், எல்லோரையும் நிறுத்திப் புகைப்படம் பிடிக்கிறார்கள், கூட்டம் கலைகிறது. மறுநாள் விடிந்ததும் அந்தக் கருவாடு அதே தரகரிடம் அதே விலைக்குப் போகிறது.

போதிப்பவர்களின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் நல்லெண்ணம் ஒருபோதும் கணக்கைத் திருத்திவிடாது. முதலில் அந்தக் கணக்கையே பார்ப்போம்.

அரைக் கிலோ கருவாட்டுப் பொதி ஒன்றை விற்றால், மீன் விலை, உப்பு, பொதியுறை, கூலி எல்லாம் போக ஒரு பெண்ணின் கையில் நூறு ரூபா மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு முந்நூறு ரூபா வீதம் பத்து நாள் விளம்பரம் செய்தால் மூவாயிரம் ரூபா செலவு. அந்த மூவாயிரத்தைத் திரும்பப் பெறுவதற்கு மட்டும், வழக்கமாக விற்பதற்கு மேல் முப்பது பொதிகள் விற்றாக வேண்டும். முப்பத்தோராவது பொதியிலேதான் அவளுக்கு முதல் நூறு ரூபா இலாபம். அந்த முப்பத்தொன்று விற்குமா? விற்கும் என்று எவரும் உறுதி கூறுவதில்லை. நூற்றுக்கணக்கானோர் படத்தைப் பார்த்தனர், பலர் விருப்பக் குறி இட்டனர் என்ற செய்தி மட்டும் தொலைபேசித் திரையில் வந்து நிற்கிறது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவர் ஊர் நினைவில் உருகி அந்தக் குறியை இடுகிறார்கள். அவர்களுடைய அன்பு மெய்யானது; ஆயினும் உணவு இறக்குமதி விதிகளைத் தாண்டி ஒரு சிறு பொதிக் கருவாடு அவர்களுடைய வாசலை அடைவது எளிதன்று. அன்பு வந்தது, பணம் போயிற்று!

இந்தப் பணம் எங்கே, எவ்வாறு போகிறது? இங்கேதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய உண்மை இருக்கிறது. இணைய விளம்பரத்துக்குக் கடையிலே எழுதித் தொங்கவிட்ட விலை கிடையாது. அது ஏலத்தில் விற்கப்படும் சரக்கு. ஒருவர் முகநூலைத் திறக்கும் ஒவ்வொரு வேளையிலும், அவருடைய கண்முன் தோன்றும் உரிமைக்காக விளம்பரதாரர்களிடையே கண்ணிமைக்கும் நேரத்தில் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. கேட்ட தொகை எவ்வளவு, பார்ப்பவர் அதைத் தட்டுவாரா, விளம்பரம் தரமானதா என்று கொம்பனியின் கணிப்பொறியே மதிப்பிட்டு வெற்றியாளனைத் தீர்மானிக்கிறது. தரையில் நிற்பவர்கள் யார் யார்? பேசாலையில் கருவாடு விற்கும் பெண் ஒரு பக்கம். கொழும்பின் பெரிய அங்காடிகளும், வங்கிகளும், பன்னாட்டுச் சோப்புக் கொம்பனிகளும் மறுபக்கம். ஏலம் கூறுபவனும் அவனே. எடை போடுபவனும் அவனே. கணக்கு எழுதுபவனும் அவனே. அந்தக் கணக்கேட்டைத் திறந்து பார்க்கும் உரிமை அவளுக்கு இல்லை.

மன்னார்க் கரைக்கு இத்தகைய ஏலம் புதிதா? அன்று! சிலாவத்துறையும் அரிப்பும் மறிச்சுக்கட்டியும் அதை நன்கு அறியும். முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் அரிப்பில் எழுப்பிய மாளிகை, அல்லிராணிக் கோட்டை என்று மக்கள் வழங்கும் பெயரோடு, இன்று கடலரிப்பில் சிதைந்து நிற்கிறது. அந்நாளில் முத்துக்குளிப்போர் மூச்சடக்கி மூழ்கி எடுத்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு. மூன்றில் ஒன்றே மூழ்கியவர்களுக்கு. அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக எண்ணி, திறவாத சிப்பிகளாகவே கரையில் ஏலம் விடப்பட்டது. உள்ளே முத்து இருக்கிறதா, வெறும் சதைதானா என்பது வாங்கியவனுக்குத் தெரியாது. 1905ஆம் ஆண்டின் குளிப்பில் ஏறத்தாழ 5,000 பேர் மூழ்கி 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகளை அள்ளினர். அடுத்த ஆண்டே அந்தப் பார்களை இருபதாண்டுக் குத்தகைக்கு ஓர் ஆங்கிலக் கொம்பனி எடுத்தது. குத்தகைக் காலம் முடியுமுன்பே பார்கள் வறண்டன, கொம்பனியும் கலைந்தது. முத்து எடுத்தவனின் சந்ததிக்கு எஞ்சியது என்ன? அரிப்பின் இடிபாடுகளைக் காட்டி வழிப்போக்கருக்குக் கதை சொல்லும் உரிமைதான்!

இன்று நம்முடைய சிறு வியாபாரி வாங்குவதும் திறவாத சிப்பியே. ஆயிரம் பேரின் பார்வை என்று எண்ணி விற்கிறார்கள். அந்த ஆயிரத்தில் வாங்கும் மனிதர் ஒருவரேனும் உண்டா என்பதைப் பணம் கட்டிய பிறகே அவர் அறிகிறார். பழைய ஏலத்திலாவது வாங்கியவன் கையில் சிப்பியின் ஓடு மிஞ்சியது!

இந்தச் சந்தை முதலில் இலவசமாகவே திறந்துவிடப்பட்டது என்பதை மறக்கலாகாது. சிறு கடைக்காரர் பக்கம் தொடங்கினார். நண்பர்களையும் வாடிக்கையாளரையும் தாமே அழைத்து வந்து சேர்த்தார். அவர் இட்ட படம் அவர்களைச் சென்றடைந்தது. கூட்டம் சேர்ந்த பின்னர் வாயிலில் காவல் போடப்பட்டது. 2018 சனவரியில், நண்பர் உறவினரின் பதிவுகளுக்கே முதலிடம், வியாபாரப் பக்கங்களின் பதிவுகள் குறைவாகவே தோன்றும் என்று முகநூலின் தலைவர் வெளிப்படையாக அறிவித்தார். அதாவது, நாம் அழைத்து வந்த விருந்தினரோடு நாமே பேசுவதற்கு வாடகை! இவ்வாறு திரண்ட வாடகையின் அளவைக் கேளுங்கள். 2024ஆம் ஆண்டில் மெட்டா கொம்பனி விளம்பரத்தால் மட்டும் ஈட்டிய வருமானம் 16,000 கோடி டொலருக்கு மேல். வயலும் தோட்டமும் கடலும் ஆலையுமாக இலங்கை நாடு முழுவதும் உழைத்து அவ்வாண்டில் ஆக்கிய மொத்த உற்பத்தி 10,000 கோடி டொலரை எட்டவில்லை.

வாடகைக் கடைக்குரிய இன்னொரு துன்பமும் உண்டு. கதவின் திறவுகோல் நம்மிடம் இல்லை. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்கள்மீது வன்முறை ஏவப்பட்டபோது, வெறுப்புப் பரவுவதைத் தடுக்கவென்று அரசாங்கம் முகநூலை ஒரு வாரத்துக்கு மேல் மூடியது. அவ்வன்முறையில் தன் தளம் வகித்த பங்குக்காகக் கொம்பனி 2020இல் வருத்தம் தெரிவித்தது. 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின் மீண்டும் மூடினார்கள். 2021 ஒக்டோபர் 4ஆம் நாள் கொம்பனியின் சொந்தக் கோளாறினாலேயே முகநூலும் வாட்ஸ்அப்பும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் இருண்டு கிடந்தன. வாடிக்கையாளரின் பெயரையும் இலக்கத்தையும் தனியே எழுதி வைக்காத கடைக்காரர் அந்நாட்களில் முகவரியற்றவரானார்.

இவை எல்லாவற்றிலும் பெரிய தீங்கு வேறொன்று. விற்பனை குறைவதற்குக் காரணம் உன் விளம்பரக் குறைவே என்று கூறும்போது, பழி முழுவதும் உழைப்பவளின் தலையில் சுமத்தப்படுகிறது. நாம் கேட்கிறோம்: 2022 ஓகஸ்டில் 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாவாக்கப்பட்டபோது, எந்த விளம்பரம் படகின் இயந்திரத்தை ஓட்டியது? 2017இல் இலங்கை சட்டத்தால் தடைசெய்த இழுவைமடித் தொழிலை மறுகரையின் விசைப்படகுகள் இந்தக் கடலில் தொடர்ந்து நடத்தி, அடித்தளத்தை வாரிச் செல்வதை எந்த வண்ணப்படம் தடுக்கும்? நுண்கடனில் அமிழ்ந்த பெண்களின் கடனில் ஒரு பகுதியை 2018இல் அரசே தள்ளுபடி செய்ய நேர்ந்த நாடு இது. அதே பெண்களிடம் இன்று, கடன் வாங்கியாவது விளம்பரம் செய் என்று கூறுவது எத்துணை கொடுமை!

இங்கே ஒரு மறுப்பு எழும். அதையும் நேர்மையோடு எதிர்கொள்வோம். இணையம் இல்லாவிட்டால் இந்த மக்களுக்கு வழி என்ன? முற்பணம் கொடுத்துப் பிடியைக் கட்டிக்கொள்ளும் சம்மாட்டி, புறக்கோட்டையில் அமர்ந்து விலை சொல்லும் மொத்த வியாபாரி, இவர்களுடைய பிடியிலிருந்து விடுபட இணையம் ஒரு வாயில் அல்லவா? ஆம், வாயில்தான். பேசாலைக் கருவாட்டைக் குருநாகலில் உள்ள ஒரு குடும்பம் நேரே கேட்டு வாங்கக்கூடிய காலம் இது. இந்த வசதியை உதறுவது பேதைமை. கருவியை நாம் வெறுக்கவில்லை. அந்தக் கருவியின் முன்னே ஒவ்வொருவரும் தனித்தனியே சிறு பணப்பையோடு நிற்பதையே எதிர்க்கிறோம்.

ஆகவே சிறு பணப்பையுடையோர் முதலில் செய்ய வேண்டியது பணம் கேட்காத வேலைகளை. கூகிள் வரைபடத்தில் கடையின் இடத்தையும் திறக்கும் நேரத்தையும் பதிவதற்குக் கட்டணமில்லை. வாட்ஸ்அப்பில் சரக்கின் படத்தையும் விலையையும் வரிசைப்படுத்தி வைப்பதற்கும் கட்டணமில்லை. ஒவ்வொரு பொதியிலும் தமிழிலும் சிங்களத்திலும் பெயர், ஊர், காயவைத்த தேதி, தொலைபேசி இலக்கம் அச்சாகட்டும். வாங்கியவரின் இலக்கத்தை, அவருடைய சம்மதத்தோடு, ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். அந்தக் குறிப்பேட்டை எந்த அரசாலும் எந்தக் கொம்பனியாலும் மூட முடியாது. ஓகஸ்டு 15ஆம் நாள் மடுத் திருவிழாவுக்கு இலங்கையின் எல்லாத் திசைகளிலிருந்தும், தமிழரும் சிங்களவருமாக, மக்கள் திரளுகிறார்கள். சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் நிறைகிறது. அங்கே ஒரு பனையோலைப் பெட்டியோடு கொடுக்கும் சிறு சீட்டு, முகமறியாத ஆயிரம் பேரின் பார்வையைவிட மதிப்புள்ளது. பணம் கொடுத்து விளம்பரம் செய்வதானால், பொதி உரிய காலத்தில் போய்ச்சேரக்கூடிய ஒரே நகரத்துக்கு, ஒரே வாரத்துக்குச் செய்யுங்கள். விருப்பக் குறியை எண்ணாதீர்கள். விற்ற பொதியை எண்ணுங்கள். கணக்கு நட்டம் காட்டினால் நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவும் தற்காப்பு மட்டுமே. தற்காப்பினால் சந்தை மாறாது. சந்தையை மாற்றியவர்களின் முன்மாதிரி தொலைவில் இல்லை. கேரளத்தின் திருவனந்தபுரக் கரையில் தோன்றி, கன்னியாகுமரிக் கரையிலும் வேரூன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1980இல் அமைந்தது. அங்கே கட்டுமர மீனவர் செய்தது என்ன? கடற்கரை ஏலத்தைத் தரகரின் கையிலிருந்து பறித்துத் தம் சங்கத்தின் கையில் எடுத்துக்கொண்டார்கள். கூவுபவன் தம் ஆள். கணக்கேடு தம் ஏடு. கடன் தருவதும் தம் சங்கம். ஏலம் அதே ஏலந்தான். அதன் எசமான் மாறினான். மீனவனின் விலையும் மாறிற்று.

குசராத்தின் கைரா மாவட்டப் பாலுற்பத்தியாளர் 1946இல் கூட்டுறவாகப் பதிவானார்கள். ஒன்றிரண்டு மாடு வைத்திருந்த குடியானவன் தனியே எந்நாளும் விளம்பரம் செய்திருக்க முடியாது. எல்லோரும் சேர்ந்து அமுல் என்ற ஒரே பெயரின் கீழ் நின்றார்கள். 1960களில் தொடங்கிய அந்தச் சிறுமியின் சித்திரம் இன்றும் இந்தியத் தெருக்களில் சிரிக்கிறது. விற்பனைத் தொகையில் மிகச் சிறு பங்கையே அவர்கள் விளம்பரத்துக்குச் செலவிடுகிறார்கள். சிறுதுளிகள் சேர்ந்தமையால் அந்தச் சிறு பங்கே பன்னாட்டுக் கொம்பனிகளை எதிர்த்து நிற்கப் போதுமானதாயிற்று.

மன்னாரில் இது ஏன் இயலாது? மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இங்கே உண்டு; பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. பேசாலை, தாழ்வுபாடு, வங்காலை, எருக்கலம்பிட்டி என்று ஊருக்கொரு பக்கமும் வீட்டுக்கொரு விளம்பரமும் வைத்து, ஒரே ஏலத்தில் ஒருவரையொருவர் எதிர்த்து விலையேற்றிக் கொம்பனியை வாழவைப்பதை நிறுத்துவோம். மன்னார் என்ற ஒரே பெயர், எல்லோரும் ஏற்ற ஒரே தர முத்திரை, ஒரே பொது விளம்பர நிதி, எல்லோரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரே கணக்கேடு என்று தொடங்குவோம். 1990இல் எருக்கலம்பிட்டியின் முஸ்லிம் மக்கள் துப்பாக்கி முனையில் வெளியேற்றப்பட்ட கொடுமையை இந்தத் தீவு மறக்கவில்லை. பேசாலையின் மீனும் எருக்கலம்பிட்டியின் வணிகத் திறனும் ஒரே முத்திரையின் கீழ் சேருமானால், அது வியாபாரத்தைவிடப் பெரிய காரியமாகும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! இதில் உங்களுக்கு வேலை இருக்கிறது. கருவாட்டுக் கொட்டிலுக்குச் சென்று நல்ல படம் எடுத்துக் கொடுங்கள். பொதியின் வாசகத்தை மூன்று மொழிகளிலும் பிழையின்றி எழுதிக் கொடுங்கள். வகுப்பறையில் வட்டிக் கணக்கைக் கற்பிக்கும் நாளில், முப்பத்தோராவது பொதியின் கணக்கையும் கற்பியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்குச் சென்று கேள்வி கேட்கும்படி உங்கள் தாயையும் தமக்கையையும் தூண்டுங்கள்.

இந்தத் தீவிலே காற்றுக்கு விலை பேசினார்கள். மணலுக்கு விலை பேசினார்கள். 2025 ஓகஸ்டில் மக்கள் நாட்கணக்கில் தெருவில் அமர்ந்து, எங்கள் நிலத்தின் ஏலத்தை எங்களைக் கேளாமல் நடத்தாதே என்று முழங்கினார்கள். அந்தக் குரல் சந்தையிலும் ஒலிக்கட்டும். ஏலம் நடக்கட்டும், ஆனால் கூவுகோல் உழைப்பவரின் கையில் இருக்கட்டும்!