அடுக்களையையும் அடகு வைப்பதா?

கோயிலில் தமிழ் தன் இடத்தை இழந்தது, வழக்குமன்றத்தில் இழந்தது, கல்விக்கூடத்தில் இழந்தது, கடைத்தெருவின் பெயர்ப்பலகையிலும் இழந்தது. எவர் கையும் படாமல் எஞ்சி நின்றது அடுக்களை ஒன்றே. எழுத்தறியாத பாட்டியும் அங்கே அரிசி களைந்தாள், சோறு வடித்தாள், காய் வதக்கினாள், குழம்பு தாளித்தாள். எந்த அகரமுதலியும் பாராமல், எந்தப் புலவரும் சொல்லித் தராமல், ஒவ்வொரு செயலுக்கும் உரிய சொல்லைத் தன் மகளுக்குக் கைப்பக்குவத்தோடு சேர்த்தே கொடுத்துச் சென்றாள். அந்த அடுக்களைக்குள் இன்று கைப்பேசி புகுந்திருக்கிறது. சமையலுக்கு வழிகாட்டும் செயலி என்னும் பெயரில் வந்திருக்கும் அது எம்மொழியில் பேசுகிறது, எவருடைய பட்டறிவைப் பேசுகிறது என்பதே இன்று எழுந்துள்ள வினா.

செயலியே வேண்டா என்று ஒதுக்குவது அறிவுடைமை ஆகாது. இந்திய அரசு 2019-ஆம் ஆண்டில் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அவ்வேலைக்கு நாளொன்றுக்கு 299 மணித்துளிகள் செலவிடுகிறாள். ஆண் செலவிடுவதோ 97 மணித்துளிகளே. பகலெல்லாம் அலுவலகத்திலோ ஆலையிலோ உழைத்துவிட்டு, பேருந்தில் நின்றபடியே வீடு திரும்பி, கால் கழுவியதும் அடுப்பின் முன் நிற்பவளின் சுமையை ஒரு மணித்துளியேனும் குறைக்கும் கருவி வரவேற்கத் தக்கதே. ஆனால், அது உண்மையிலேயே குறைக்கிறதா, அன்றிப் புதுச் சுமையை ஏற்றுகிறதா என்பதே அதை அளக்கும் அளவுகோல்.

இம்முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1969-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் அனிவெல் நிறுவனத்தின் கணினி ஒன்று, 'அடுக்களைக் கணினி' என்னும் பெயரோடு நீமன் மார்க்கசு என்னும் பெருங்கடையின் விற்பனைப் பட்டியலில் இடம்பெற்றது. விலை 10,000 தாலருக்கும் மேல். சமையற் குறிப்புகளை அது நினைவில் வைத்திருக்கும் என்றனர். ஆனால் அதற்கு ஒன்றைச் சொல்ல வேண்டுமாயின் விசைகளை மேலும் கீழும் தள்ள வேண்டும். அது தரும் விடையை, எரிந்தும் அணைந்தும் நிற்கும் சிறு விளக்குகளின் வரிசையில் படித்தறிய வேண்டும். இதைக் கற்பதற்கென்றே இரண்டு கிழமைப் பயிற்சியும் விலையோடு சேர்த்துத் தரப்பட்டது. அக்கணினி ஒன்றேனும் விற்றதாகச் சான்றில்லை. அடுப்பின் முன் நிற்பவள் பொறியின் மொழியைக் கற்க வேண்டும் என்று எதிர்பார்த்த கருவி தோற்றது. பொறிதான் அவள் மொழியைக் கற்க வேண்டும். இந்த உண்மையை உணராது, அன்றைய விளக்கு வரிசைக்கு மாற்றாக இன்று ஆங்கிலத்தை வைப்போர் அதே பிழையைத்தான் வேறு உருவில் செய்கின்றனர்.

ஆங்கிலக் குறிப்பைத் தமிழெழுத்தில் பெயர்த்து வைத்தால் போதாதா என்று கேட்பார் உளர். போதாது. அது மொழிக்கு மட்டும் இழுக்கன்று, உணவுக்கே கேடு. எண்ணெயின்றிச் சூடேற்றுவது வறுத்தல். சிறிதளவு எண்ணெயில் ஈரம் வற்றும் வரை புரட்டுவது வதக்கல். எண்ணெய் நிறையக் காயவைத்து அதில் மூழ்கவிடுவது பொரித்தல். இம்மூன்றையும் 'ஃப்ரை' என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடைத்து, 'ஃப்ரை செய்யவும்' என்று ஒரு செயலி கட்டளையிடுமானால், புதிதாய்ச் சமைக்கக் கற்கும் இளைஞன் எதைச் செய்வான்? வறுக்க வேண்டிய மிளகாயை எண்ணெயில் பொரித்துக் கருக்குவான். வயலில் நிற்பது நெல், முறத்தில் கிடப்பது அரிசி, இலையில் விழுவது சோறு என்று தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. 'ரைஸ்' என்னும் ஒரே சொல்லைக் கொண்டு எழுதப்பட்ட குறிப்பில், ஓர் ஏனம் 'ரைஸ்' என்றால் அது வேகாத அரிசியா, வெந்த சோறா? அரிசியைக் களைவதும், கீரையை ஆய்வதும், பருப்பைக் கடைவதும், தேங்காயைத் துருவுவதும் வெறுஞ் சொற்கள் அல்ல. தலைமுறை தலைமுறையாய்த் திரண்ட செய்முறைகள். சொல் போனால் செய்முறை போகும்.

அளவைக்கும் இதுவே பொருந்தும். அமெரிக்கரின் 'கப்' ஏறத்தாழ 237 மில்லி இலிட்டர். மேசைக்கரண்டி பிற நாடுகளில் பெரும்பாலும் 15 மில்லி இலிட்டர். ஆத்திரேலியாவில் அதுவே 20. இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் அயல்நாட்டுக் குறிப்பை அப்படியே இறக்குவதால் உப்பு கூடுகிறது, புளி குறைகிறது. பழி சமைத்தவள் தலையில் விழுகிறது. தமிழரின் முகத்தலளவையோ இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று இரட்டித்து இரட்டித்துச் செல்வது. ஈரெண் கணக்கில் இயங்கும் கணினிக்கே உறவானது. படியின் அளவு ஊருக்கு ஊர் மாறியதுண்டு. 1956-ஆம் ஆண்டு எடை, அளவைச் சட்டத்திற்குப் பின் வணிகத்தில் பதின்மான அளவை வந்தது, அதைத் தவறென்பாரில்லை. ஆயினும் வீட்டு அடுக்களையில் அளப்பது அவ்வீட்டு ஆழாக்கோ குவளையோதான். இட்டிலிக்கு அரிசி நான்கு பங்கு, உளுந்து ஒரு பங்கு என்னும் கணக்கு எந்த ஏனத்தால் அளந்தாலும் பிழையாவதில்லை. ஆதலின், நல்ல செயலி பங்குக் கணக்கில் பேச வேண்டும். அன்றேல், அவ்வீட்டுக் குவளையின் அளவை ஒருமுறை கேட்டறிந்து, அதன்பின் அக்குவளையாலேயே கணக்குச் சொல்ல வேண்டும்.

தமிழர் சமையலின் மற்றொரு தன்மையையும் செயலி ஆக்குவோர் அறிதல் வேண்டும். அது அடுப்பு மூட்டும்போது தொடங்குவதன்று. முதல் நாளே தொடங்குவது. அரிசியும் உளுந்தும் நான்கைந்து மணி நேரமேனும் ஊற வேண்டும். ஆட்டிய மாவு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் புளிக்க வேண்டும். பனிக்காலத்தில் அதற்கும் மேல். வெள்ளிக்கிழமை காலை இட்டிலி வேண்டுமாயின், வியாழக்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்புமுன்பே அரிசியை நீரில் இட்டாக வேண்டும். 'இட்டிலி, பதினைந்து மணித்துளி' என்று காட்டும் செயலி பொய் சொல்கிறது. 'இப்பொழுதே ஊறப்போட்டுச் செல்க' என்று வியாழன் காலையில் நினைவூட்டும் செயலியே துணை. இடமறிதலும் வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் நீர் 100 பாகையில் அன்று, 92, 93 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த ஏனத்தில் பருப்பு வேக அங்கு நெடுநேரம் ஆகும். சென்னைக்குச் சொல்லும் நேரத்தையே உதகைக்கும் சொன்னால் வேகாத பருப்பே இலைக்கு வரும்.

இனி, செயலியின் செவி. மாவு பிசையும் கை கைப்பேசியைத் தொட இயலாது. ஆகவே அது வாயால் சொல்வதைக் கேட்டு, வாயால் விடை கூற வேண்டும். அடுப்பிலிருந்து மூன்றடி தொலைவில் நின்றாலும் படிக்கத்தக்க பேரெழுத்து வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு படிநிலை மட்டுமே திரையில் நிற்க வேண்டும். சமையல் முடியும் வரை திரை அணையலாகாது. மூன்று அடுப்புக்கு மூன்று நேரங்காட்டி வேண்டும். பொங்கிவரும் பாலை மறைத்துக்கொண்டு விளம்பரம் குதிக்கலாகாது. ஒரு வீடு உண்பதென்ன என்னும் செய்தி வணிகர்க்கு விலைப்பொருளாகலாகாது. அச்செவிக்கு ஊர்ச்சொல் அனைத்தும் விளங்க வேண்டும். ஒருவர் மஞ்சட்பூசணி என்பதைத் தஞ்சைப் பக்கத்தார் பரங்கி என்பர்; கொங்கு நாட்டார் அரசாணி என்பர். எலுமிச்சை யாழ்ப்பாணத்தில் தேசிக்காய். நிலக்கடலையே வேர்க்கடலை, வட மாவட்டங்களில் மல்லாட்டை. இவற்றுள் எதைச் சொன்னாலும் 'புரியவில்லை' என்று பொறி கைவிரிக்கலாகாது. கட்டளையிடும் வாய்பாட்டிலும் தமிழுக்கு ஒரு நலமுண்டு. 'வதக்குக', 'இறக்குக' என்னும் வியங்கோள் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அடுக்களை ஒருத்திக்கே உரியது என்னும் எண்ணத்தை அது சுமப்பதில்லை. 97 மணித்துளி உழைப்போர் அச்சொல்லைத் தமக்கும் உரியதாகக் கேட்பாராக.

'தமிழ்ச் சொல் மக்களுக்குப் புரியாது' என்னும் பழைய பாட்டை இங்கும் சிலர் பாடுவர். களைதலும் தாளித்தலும் புரியாத தமிழ்த்தாய் எங்கே இருக்கிறாள்? அதே வேளையில், தூய தமிழ் விரும்புவோரும் ஒன்றை உணர்தல் கடன். அடுக்களைச் செயலிக்குப் புத்தம் புதிதாய்ச் சொற்களை ஆக்கிக் குவிப்பது முதற்பணி அன்று. இருக்கும் சொற்களைக் காப்பதே முதற்பணி. சோறும் சாறும் துவையலும் மக்கள் நாவில் வாழ்கின்றன. அவற்றைச் 'சாதம்', 'ரசம்', 'சட்னி' என்று மாற்றாமல் இருந்தாலே போதும். 'குக்கர்' என வழங்கும் அழுத்த அடுகலன் போல்வனவற்றிற்கே புதுச்சொல் வேண்டும். அதுவும் பழகும் வரை இரு பெயரையும் செயலி அறிந்திருத்தல் வேண்டும். சமையற்கலைக்கு 'மடைநூல்' என்னும் பெயர் மணிமேகலையிலேயே உண்டு. பெயருக்கும் பஞ்சமில்லை, பொருளுக்கும் பஞ்சமில்லை. பஞ்சம் மனத்தில்தான்.

கணினியில் தமிழுக்கு இடமில்லை என்று இனி எவரும் சாக்குச் சொல்ல முடியாது. 1991-இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழெழுத்து இடம்பெற்றது. 1999-இல் 'தமிழ் 99' விசைப்பலகை தமிழக அரசின் ஏற்பைப் பெற்றது. எழுத்து உண்டு, விசைப்பலகை உண்டு, செயலி எழுதவல்ல இளைஞரும் தமிழ்நாட்டில் உண்டு. இல்லாதது ஒன்று: தன் தாயின் சொல் பொறிக்குள் ஏறத்தக்கது என்னும் உறுதி.

அவ்வுறுதி பிறக்கட்டும். ஒவ்வொரு வீட்டிலும் பாட்டியும் தாயும் சமைக்கும்போது அவர்கள் சொல்லும் வினைச்சொற்களையும் அளவையும் பதம் பார்க்கும் முறையையும் பிள்ளைகள் எழுதி வைக்கட்டும். குரலாகப் பதிந்து வைக்கட்டும். செயலி ஆக்குவோர் அதைக் குளிரறையில் அமர்ந்து ஆய்ந்து நிறைவுறாமல், மாலை ஏழு மணிக்கு அடுப்பின் முன் நிற்கும் ஒருத்தியின் கையில் கொடுத்துப் பார்க்கட்டும். அவள் ஒருமுறையேனும் கையைத் துடைத்துவிட்டுத் திரையைத் தொட நேர்ந்தால், ஒருமுறையேனும் 'இதற்கு என்ன பொருள்?' என்று கேட்க நேர்ந்தால், அது இன்னும் வேகவில்லை என்று பொருள். வெந்த பின்னரே இறக்குக!