பெண்ணுக்கு மட்டும் ஏன் பரிசோதனை?

எங்கள் உறவில், நிச்சயதார்த்தம் வரை வந்த ஒரு சம்பந்தம், சமீபத்தில் நின்று போனது. பெண்ணின் ரத்தப் பரிசோதனையில், 'தலசீமியா கேரியர்' என்று வந்ததாம். 'சீக்கு உள்ள பொண்ணு எங்களுக்கு எதுக்கு?' என்று கேட்டனர், மாப்பிள்ளை வீட்டார். சரி, பையனுக்கு அந்தப் பரிசோதனை செய்தார்களா என்றால், இல்லை!

கேரியர் என்றால் நோயாளி அல்ல. ஹீமோகுளோபினை உருவாக்கும் மரபணு, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என நமக்கு வருகிறது. அதில் ஒன்று மட்டும் பழுதாக இருப்பவர்தான் கேரியர். மிஞ்சிப் போனால், லேசான ரத்தசோகை இருக்கும்; அவ்வளவுதான். நம் நாட்டில், நூறு பேரில் மூன்று, நான்கு பேர் இப்படி இருப்பதாக மதிப்பிடுகின்றனர். ஆண், பெண் என்ற பேதமெல்லாம் இதற்குக் கிடையாது.

கணவன், மனைவி இருவருமே கேரியராக இருந்தால்தான் ஆபத்து. அப்போது, ஒவ்வொரு முறை கருத்தரிக்கும்போதும், குழந்தைக்கு நோய் வர, 25 சதவீத வாய்ப்பு உண்டு. 'மூத்ததுக்கு வந்துடுச்சு, அடுத்ததுக்கு வராது' என்று கணக்குப் போட முடியாது. பிறந்தபோது நன்றாக இருக்கும் குழந்தை, இரண்டு வயதுக்குள் வெளுத்து, சோர்ந்து போகும். பிறகு, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் உடம்பில் சேரும் இரும்புச்சத்து, இதயத்தையும், ஈரலையும் கெடுக்காமலிருக்க, தொடர்ந்து மருந்தும் கொடுக்க வேண்டும்.

இதைக் கல்யாணத்துக்கு முன்போ, கருத்தரிக்கும் முன்போ, ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்து கொள்ளலாம். 'ஹீமோகுளோபின் ஏ2' அளவு, 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால், பெரும்பாலும் கேரியர்தான். மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும், 'ரத்தம் ஏறவே மாட்டேங்குதே' என்பவர்கள், டாக்டரிடம் இதையும் கேளுங்கள். மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் முடிப்பவர்கள், அவசியம் பார்க்க வேண்டும். ஒரே தாத்தா, பாட்டியின் பழுது, இரண்டு பேருக்கும் வந்திருக்கலாம்.

இருவரும் கேரியர் என்றாலும், வாழ்க்கை முடிந்து விடாது. கர்ப்பத்தின் 11வது வாரம் வாக்கிலேயே, சிசுவுக்கு நோய் இருக்கிறதா என்று பார்க்க வசதி இருக்கிறது.

சைப்ரஸ் தீவில், 1980களிலிருந்தே, கல்யாணத்துக்கு முன், ஆண், பெண் இருவரும் பரிசோதனைச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்று சர்ச்சிலேயே கேட்டனர். இருவரும் கேரியர் எனத் தெரிந்தும், பெரும்பாலான ஜோடிகள் பிரியவில்லை. கல்யாணம் செய்து, கர்ப்பத்தில் பரிசோதித்துக் கொண்டனர். அங்கே, இந்நோயுடன் பிறக்கும் குழந்தைகள், அரிதாகி விட்டனர்.

மகனைப் பெற்ற அம்மாக்களே... ஜாதகம் கேட்கும்போதே, ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்; தப்பில்லை. ஆனால், முதலில் உங்கள் பையனுடைய 'ரிப்போர்ட்'டை எடுத்து நீட்டுங்கள். அப்புறம், பெண் வீட்டில் கேட்கலாம்!

— ஒரு வாசகி, சேலம்.