வீட்டைத் தாண்டிய பிறகு

யாழ்ப்பாணக் கவிதை 1991-இல் மூன்று இளம்பெண்களை இழந்தது. மே மாதம், கைவசமிருந்த தன் கவிதைகளை எரித்துவிட்டுச் சிவரமணி உயிரை மாய்த்துக்கொண்டார். ஜூலையில் ஆனையிறவுச் சமரில் விடுதலைப் புலிகளின் கப்டன் வானதி இறந்தார். ஆகஸ்ட் இறுதியில் பல்கலைக்கழக மாணவி செல்வியை அதே புலிகள் பிடித்துச் சென்றார்கள். அவர் திரும்பவே இல்லை.

அதற்கு முந்தைய பத்தாண்டின் ஈழக் கவிதைகளைப் போர்க்கவிதை என்று ஒரே கட்டாகக் கட்டிவிடுவது வழக்கம். வரிசையாகப் படித்தால் வேறொன்றும் தெரிகிறது. இளையவர்கள் யாருக்குக் கட்டுப்படுவது என்ற கேள்வி அவற்றில் படிப்படியாக இடம் மாறுகிறது.

முதலில் எதிரி வீட்டுக்கு வெளியே இருந்தார். முந்தைய தலைமுறை ஈழக் கவிஞர் மகாகவியின் ‘தேரும் திங்களும்’ ஊருக்குள் இருந்த சாதியைக் கேள்வி கேட்டது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகமும் அதிலிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் எரிந்தபின், அவர் மகன் சேரன் 1983-இல் வெளியிட்ட ‘இரண்டாவது சூரிய உதயம்’ அரசை நோக்கிப் பேசியது.

மூன்றே ஆண்டுகளில் கேள்வி வீட்டுக்குள் நுழைந்தது. சித்திரலேகா மௌனகுரு தொகுத்து, பெண்கள் ஆய்வு வட்டம் 1986-இல் கொண்டுவந்த ‘சொல்லாத சேதிகள்’ 10 பெண்களின் கவிதைகளைத் தாங்கி வந்தது. ஊரே விடுதலை பேசிய காலத்தில், வீட்டில் தங்களுக்கு அது எப்போது கிடைக்கும் என்று இவர்கள் கேட்டார்கள்.

வீட்டைத் தாண்டிய பெண் எங்கே போவாள்? வானதி ஒரு விடை சொன்னார். அவருடைய பெயர்பெற்ற கவிதை ஒன்றில் போராளிப் பெண்ணின் நெற்றியில் குங்குமம் இல்லை, குருதி இருக்கிறது. கழுத்தில் தாலி இல்லை, சயனைட் குப்பி இருக்கிறது. திருமணம் என்ற விதியை அவர் துணிந்து உதறினார். ஆனால் கழுத்து வெறுமையாக இல்லை. பெண்ணின் உடலில் அவள் கடமையை அணிவிக்கும் வழக்கம் அப்படியே நின்றது, கடமைதான் மாறியது.

‘சொல்லாத சேதிகள்’ தொகுப்பில் இடம்பெற்ற சிவரமணி அந்த இடத்தில் தயங்கி நின்றார். யுத்தகால இரவைப் பற்றிய அவரது கவிதையில் சிறுவர்கள் தும்பியின் சிறகைப் பிய்க்கிறார்கள். தடியைத் துப்பாக்கியாக்கி, நண்பனையே எதிரியாக நினைத்துக் கொன்று விளையாடுகிறார்கள். அந்தத் துப்பாக்கி எந்தத் தரப்பினுடையது என்று விளையாட்டு கேட்பதில்லை. ஓர் இரவில் பிள்ளைகள் பெரியவர்களாகிவிடுவதைப் பெருமையாகப் பார்க்க அவரால் முடியவில்லை. நாடகம் பயின்ற செல்வியும் புலிகள் இயக்கத்துக்கு அடங்காத பக்கமே நின்றார்; ‘தோழி’ என்ற பெண்கள் இதழை நடத்தினார். அவர் காணாமல் போன மறு ஆண்டு, எழுத்தாளர்களின் உலக அமைப்பான பென் அவருக்கு விருது அளித்தது.

இவர்கள் மொத்தத் தலைமுறையின் பிரதிநிதிகள் அல்லர். எழுதப் படிக்க வாய்ப்பும், அச்சேற வழியும் பெற்ற சிலர். சாதியாலும் வறுமையாலும் பள்ளியைத் தாண்டாத இளையவர்கள் அதே ஆண்டுகளில் என்ன நினைத்தார்கள் என்பதை இந்தத் தொகுப்புகளிலிருந்து ஊகிக்க முடியாது.

ஆனாலும் வானதியைப் போராளி இலக்கியத்திலும், சிவரமணியைப் பெண்ணியத்திலும், செல்வியை மனித உரிமை அறிக்கைகளிலும் தனித்தனியே வைக்கும்போது ஒரு விவாதம் விடுபட்டுப் போகிறது. மூவரும் பழைய வீட்டுக்குள் அடங்க மறுத்தவர்கள். வெளியே வந்தபின் இயக்கத்துக்கு அடங்குவதா என்பதில்தான் பிரிந்தார்கள். தொகுப்பாசிரியர்கள் இவர்களை அடுத்தடுத்த பக்கங்களில் அச்சிட்டால் இன்றைய மாணவர்கள் அந்த விவாதத்தை இரு தரப்பிலிருந்தும் படிக்கலாம்.