தொப்பிக்கும் நட்சத்திரத்துக்கும் ஒரே தராசு

கற்பிட்டிக் குடாநாட்டு எத்தாளையில் ஜும்ஆ முடிந்து ஓடிவரும் பிள்ளைகளை மூஸா, இப்ராஹீம், யூசுப், தாவூத் என்று கூப்பிட்டால் யாராவது ஒருவன் திரும்பிப் பார்ப்பான். நியூயோர்க்கிலோ பாரிஸிலோ யூதத் தொழுகைக்கூட வாசலில் நின்று கூப்பிட்டாலும் அப்படித்தான். பெயர்கள் இவையே, உச்சரிப்பு மட்டும் வேறு. அந்த யூதப் பிள்ளைகளில் சிலர் தலையிலுள்ள சிறு தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் ரயில் ஏறுகிறார்கள். சிலரோ கழற்ற மாட்டோம் என்கிறார்கள். கழுத்துச் சங்கிலியில் தொங்கும் தாவூதின் நட்சத்திரத்தை உடுப்புக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.

இதைப் பற்றிப் பேசக் கற்பிட்டிக் குடாநாட்டுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. ஒருவன் செய்த குற்றத்துக்கு ஓர் ஊரே தலைகுனிந்து நடப்பது எப்படியிருக்கும் என்பது நமக்கு ஏட்டில் படித்த விடயமல்ல.

2019 ஜனவரியில் நமது மாவட்டத்து வனாத்தவில்லுவில் வெடிபொருட்கள் பிடிபட்டன. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. செய்தவர்கள் சஹ்ரானும் கூட்டாளிகளும். பழி சுமந்ததோ நாட்டிலுள்ள அத்தனை முஸ்லிம்களும். ஏப்ரல் 29 முதல் முகத்திரைக்குத் தடை. மே 12ஆம் திகதி சிலாபத்தில் ஒரு முகநூல் வரியால் கலகம் மூண்டது. மறுநாள் கொட்டாரமுல்லையில் தச்சுத்தொழிலாளி ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த மாதங்களில் அபாயாவை மடித்து வைத்த பெண்களும், பஸ்ஸில் தொப்பியைக் கழற்றிக்கொண்ட ஆண்களும் கோழைகள் அல்லர். வீடு திரும்ப வேண்டுமே என்று நினைத்தவர்கள்.

அதற்கும் முன்னர், 1990 ஒக்டோபரில், விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் வந்தவர்கள் இறங்கியது இந்தக் கற்பிட்டிக் கரையில்தான். அவர்கள் என்ன செய்தார்கள் என்று அன்று எவரும் விசாரிக்கவில்லை. யார் என்பதே போதுமாக இருந்தது.

யூத வெறுப்பும் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. காஸாவில் பல்லாயிரம் உயிர்களைக் குடித்தது இஸ்ரேல் அரசின் போர். அதன்மீது கோபப்படுவது நியாயம், கோபப்படாமலிருப்பதுதான் குற்றம். ஆனால் அந்தக் கோபம் பாரிஸில் பாண் வாங்கப் போகும் ஒரு யூதக் கிழவரின் தலைமீது இறங்கினால், அது கொட்டாரமுல்லையில் இறங்கிய அதே கத்தி. காஸாவைக் கண்டித்துவிட்டுத்தான் யூதன் தெருவில் நடக்கலாம் என்று நிபந்தனை போடுவதும் தகாது. சஹ்ரானைக் கண்டித்துக் கண்டித்து வாய் உலர்ந்த பிறகே நம்மை மனிதராக எண்ணினார்கள். அந்த அவமானத்தை நாம் இன்னொருவருக்குக் கொடுக்கலாமா?

அடையாளத்தை வெளியே காட்டுவதால் வெறுப்பு தோற்றுவிடுமா? வரலாறு அவ்வளவு எளிய பதிலைத் தரவில்லை. 1933 ஏப்ரல் முதலாம் திகதி ஹிட்லரின் ஆட்கள் யூதக் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லி வாசல்களில் நின்றார்கள். சில நாட்களில் ரொபேர்ட் வெல்ட்ஷ் என்ற பத்திரிகையாசிரியர், மஞ்சள் அடையாளத்தைப் பெருமையோடு அணியுங்கள் என்று பெர்லினில் எழுதினார். உடைந்துபோயிருந்த மக்களுக்கு அது முதுகெலும்பு தந்தது. ஆனால் 1941இல் அதே மஞ்சள் நட்சத்திரத்தைச் சட்டம் போட்டு நெஞ்சில் தைக்க வைத்த அரசு, அதை அணிந்தவர்களை ரயிலேற்றிக் கொல்ல அனுப்பியது. அந்தக் கட்டுரைக்காக வெல்ட்ஷ் பின்னாளில் வருந்தினார். தப்பி ஓடுங்கள் என்றல்லவா எழுதியிருக்க வேண்டும் என்று நொந்துகொண்டார். பெருமிதம் மனதைக் காக்கும். உயிரைக் காக்கச் சட்டமும் அயலவரும் வேண்டும்.

அந்த ஜேர்மனியிலிருந்து தப்பிய ஒரு சிறுமி இலங்கைக்கு வந்தார். 1925இல் எஸ்ஸன் நகரில் பிறந்த ஆன் ரணசிங்க, 1938 நவம்பரில் தன் ஊர்த் தொழுகைக்கூடம் எரிந்ததைக் கண்டவர். பதின்மூன்று வயதில் தனியே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். பெற்றோர் நாஜிகளின் கையில் மாண்டார்கள். இலங்கை மருத்துவர் ஒருவரை மணந்து 1950களின் தொடக்கத்தில் கொழும்புக்கு வந்தார். ரணசிங்க என்ற பெயருக்குப் பின்னால் அவர் வாழ்நாள் முழுவதும் ஒளிந்திருக்கலாம், கேட்பாரில்லை. அவரோ யூதப் பெண்ணாகவே பேசினார், கவிதை எழுதினார். 1983 ஜூலையில் கொழும்பு எரிந்தபோது அதையும் எழுதினார். தன் காயத்தைத் தன் இனத்தின் சொத்தாகப் பூட்டி வைக்காமல், தமிழர் வீட்டு நெருப்பை இனங்காணும் கண்ணாக அவர் மாற்றிக்கொண்டார். 2016இல் கொழும்பில் காலமானார்.

பெருமிதத்துக்கு இதுதான் உரைகல். பிறர் வலியைக் காண அது கண்ணைத் திறக்கிறதா, மூடுகிறதா? அடுத்தவன் வீட்டை இடித்து அதன்மேல் நடும் கொடியில் இருக்கும் நட்சத்திரம் வேறு, அஞ்சி ஒளிய மறுப்பவளின் கழுத்தில் இருக்கும் நட்சத்திரம் வேறு. வடிவம் ஒன்றென்பதால் இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது.

நாமும் ஒருமுறை மறைக்காமல் நின்றோம். கொவிட் காலத்தில், 2020 ஏப்ரல் வர்த்தமானியால், நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. அந்த டிசம்பரில் இருபது நாள் குழந்தையொன்றையும் எரித்தபோது, பொரளை மயான வேலியில் வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டன. கபன் துணியை நினைவூட்டிய அந்தத் துண்டுகளைக் கட்டியவர்களில் சிங்களவரும் தமிழரும் கிறிஸ்தவரும் இருந்தார்கள். 2021 பெப்ரவரியில் தடை நீங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. நமது அடையாளத்தை நாம் மட்டும் தூக்கிப் பிடித்திருந்தால் அந்த வேலி அவ்வளவு வெண்மையாக இருந்திருக்காது.

இப்படி ஒருவருக்காக மற்றவர் நிற்பது கடல் கடந்தும் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க்கில் 2018 ஒக்டோபரில் தொழுகைக்கூடத்துக்குள் 11 யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்தக் குடும்பங்களுக்காக முஸ்லிம்கள் இரண்டு லட்சம் டொலருக்கு மேல் திரட்டினார்கள். ஐந்து மாதம் கழித்து நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டபோது, பிட்ஸ்பேர்க் யூதர்கள் அவர்களுக்காக நிதி சேர்த்தார்கள்.

யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபிகளார் எழுந்து நின்றார் என்றும், அது யூதரின் ஜனாஸா என்று தோழர்கள் சொன்னபோது, அதுவும் ஓர் உயிர்தானே என்ற கருத்தில் பதிலளித்தார் என்றும் ஹதீஸ் சொல்கிறது. நமது மிம்பர்களில் அது எத்தனையோ தடவை சொல்லப்பட்டிருக்கிறது. ஆயினும் கடைத்தெருவில் வஞ்சகன் ஒருவனை ஏச வேண்டுமென்றால் நமது வாயில் முதலில் வருவது 'யஹூதி' என்ற சொல். 'தம்பிலா' என்று நம்மை ஏசும்போது நெஞ்சில் எங்கே சுடுகிறதோ, 'யஹூதி' என்ற ஏச்சும் அங்கேதான் ஒருவரைச் சுடும். அதை நமது வாயிலிருந்து இறக்கி வைப்பதற்கு வர்த்தமானி எதுவும் தேவையில்லை.