திரை வந்தது! பிள்ளைக்கு என்ன வந்தது?

பள்ளிக்கூடம்தோறும் திரைகள் வந்துவிட்டன. 2011இல் இலவச மடிக்கணினி. 2019இல் கல்வித் தொலைக்காட்சி. பிறகு ஸ்மார்ட் வகுப்பறை, ஆசிரியர் கையில் டேப்லெட். வரட்டும்! வேண்டாம் என்று சொல்ல நமக்கென்ன பைத்தியமா? ஆனால் ரிப்பன் வெட்டியவர்கள் போன பிறகு, கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கு என்ன கிடைத்தது என்று கேட்க வேண்டாமா?

பெரு நாட்டில் கேட்டார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினிகளை அள்ளிக் கொடுத்த அந்நாட்டில், 300க்கும் மேற்பட்ட கிராமப்புறப் பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் அறிக்கை வந்தது. கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை!

டெல்லியில் நடந்தது வேறு. பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவரது சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே 6ஆம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக 2.5 வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். 9ஆம் வகுப்பிலோ 4.5 வகுப்பு! பள்ளி நேரம் முடிந்து 45 நிமிடம் கணினி, 45 நிமிடம் சிறு குழுவாக ஒரு பயிற்றுநர். அந்தக் கணினி வகுப்பைப் பார்க்கவில்லை. பிள்ளை எங்கே தடுமாறுகிறதோ அங்கிருந்தே கேள்வியை ஆரம்பித்தது. நாலரை மாதத்தில் நல்ல பலன்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. அதே பிள்ளைகள் பள்ளித் தேர்வு எழுதியபோது கணக்கு மதிப்பெண் கூடவில்லை. எப்படிக் கூடும்? 4ஆம் வகுப்புக் கணக்கிலிருந்து 5ஆம் வகுப்புக் கணக்குக்கு ஏறி வந்த பிள்ளையிடம் 9ஆம் வகுப்புக் கணக்கை நீட்டினால்? பிள்ளை வளர்ந்திருக்கிறது, அதைப் பார்க்கும் கண் தேர்வுத்தாளுக்கு இல்லை.

தமிழகத்தில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையறிந்து பாடம் சொல்கிறது. பாராட்டுகிறோம். ஆனால் அது தொடக்கப் பள்ளிக்கான திட்டம். 6ஆம் வகுப்புக்கு மேல் பின்தங்கிய பிள்ளையை என்ன செய்வது? பாடத்திட்டத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. பொதுத்தேர்வு அதிலிருந்துதான் வரும். அதைக் குறைத்துக் கொடுத்தால் நஷ்டம் ஏழைப் பிள்ளைக்கே. தினமும் ஒரு பாடவேளை கணினி அறையைத் திறந்து, பிள்ளையின் நிலைக்கேற்ற பயிற்சி கொடுங்கள் என்கிறோம். மதிப்பெண் அட்டையில், ஜூனில் எங்கே இருந்தான், மார்ச்சில் எங்கே இருக்கிறான் என்று ஒரு வரி சேருங்கள். பூட்டிய அறையில் தூசி படியவா கணினி வாங்கினோம்?

நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. 'ஸ்மார்ட் கிளாஸ்' என்று தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே வீடியோவை ஓட்டுவது பாடமல்ல, படம் காட்டுவது!

பெற்றோர்களே! 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு நீங்கள்தான். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். எத்தனை கணினி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத் திரும்பி விடாதீர்கள். என் பிள்ளை வாரத்தில் எத்தனை மணி நேரம் அதில் உட்காருகிறது, எந்த வகுப்புக் கணக்குப் போடுகிறது என்று கேளுங்கள்.