108 வண்டி நிற்கும் இடத்துக்கு மேலே

மாசி, பங்குனி வந்துவிட்டால் பேப்பரில் ஒரு செய்தி தவறாமல் வரும். வெள்ளியங்கிரி ஏறிய பக்தர் மூச்சுத்திணறி மரணம். அல்லது சதுரகிரியில் நெஞ்சுவலி. நாமும் படித்துவிட்டு, "வயசான காலத்துல எதுக்கு இந்த வேலை" என்று சொல்லி அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்தச் செய்தியில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: "டோலி மூலம் அடிவாரத்துக்குக் கொண்டுவரப்பட்டார்." அந்த டோலியைத் தூக்கியது யார், அவர்களுக்கு யார் என்ன சொல்லிக்கொடுத்தார்கள், வழியில் அவர்களே சறுக்கி விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்று செய்தியில் இருக்காது.

என் கட்சி இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவார ஊர்களில், அந்த ஊர்க்காரர்களையே வைத்து, பயிற்சியும் சாமானும் இன்சூரன்ஸும் கொடுத்து மலை மீட்புக் குழுக்கள் அமைக்க வேண்டும். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் பாதையை மூடுவதோடு நம் வேலை முடிந்துவிடுகிறது. மூடிய பாதையிலும் ஆடு மேய்க்கிறவரும் தேன் எடுக்கிறவரும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. குரங்கணி. மதுரைக்காரர்களுக்கு அந்த வாரம் மறக்காது. கொழுக்குமலையிலிருந்து இறங்கிய சென்னை, ஈரோடு, திருப்பூர் பக்கத்து இளைஞர்களும் இளம்பெண்களும் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 உயிர்கள் போயின. தீக்காயம் பட்டவர்களை நம் ராஜாஜி ஆஸ்பத்திரிக்கும் தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் கொண்டுவந்தார்கள். மலைச்சரிவில் காய்ந்த புல்லில் பிடித்த தீ மேல்நோக்கி மனிதன் ஓடுவதைவிட வேகமாக ஓடும். அடிவாரத்து விவசாயி எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

அன்று மாலை முதலில் மேலே ஏறியவர்கள் யார்? குரங்கணி ஊர்க்காரர்களும், மலைவாழ் மக்களும், எஸ்டேட் தொழிலாளர்களும்தான். கையில் கிடைத்த போர்வையிலும் கம்பிலும் கட்டித் தூக்கிவந்தார்கள். வனத்துறை, தீயணைப்பு, போலீஸ் எல்லாரும் வந்தார்கள், இரவெல்லாம் உழைத்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் ஆட்களைத் தூக்க விடிய வேண்டியிருந்தது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் முகாம் அரக்கோணத்தில் இருக்கிறது. அங்கிருந்து போடி ஏறக்குறைய 500 கி.மீ. யாரையும் குறை சொல்லவில்லை. தூரம் தூரம்தான். காயம் பட்டவருக்கு முக்கியமான முதல் சில மணி நேரம் எப்போதும் உள்ளூர்க்காரன் கையில்தான் இருக்கும்.

பக்கத்தில் கேரளத்தையும் பாருங்கள். 2022 பிப்ரவரியில் மலம்புழா அருகே ஒரு செங்குத்துப் பாறையின் இடுக்கில் ஓர் இளைஞர் மாட்டிக்கொண்டார். ஹெலிகாப்டர் வந்தும் நெருங்க முடியவில்லை. கடைசியில் வெலிங்டனிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ராணுவ வீரர்கள் வந்து, கயிற்றில் இறங்கி அவரை மேலே தூக்கினார்கள். 40 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. டி.வி.யில் நாம் எல்லாரும் கைதட்டினோம். எனக்கு மட்டும் ஒரு யோசனை. அந்த வேலைக்கு வேண்டியது கயிறு, கொக்கிகள், அதில் பழகிய சில ஆட்கள். அது ஏன் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கக்கூடாது?

சதுரகிரிக்கு நான் பலமுறை போயிருக்கிறேன், முழங்கால் ஒத்துழைத்த காலத்தில். ஒரு ஆடி அமாவாசை சமயம், மேலே அறுபது வயதுக்காரர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மூங்கிலில் நாற்காலியைக் கட்டி நாலு பேர் தூக்கினார்கள். இன்னும் நாலு பேர் மாற்றுவதற்குப் பின்னாலேயே வந்தார்கள். வழுக்குப் பாறையில் அவர்கள் கால் வைத்த அழகைப் பார்க்க வேண்டும். முன்னால் போகிறவர் "பள்ளம்" என்பார், பின்னால் இருப்பவர் தோளை உயர்த்துவார். நாற்காலி ஆடவே இல்லை. தாணிப்பாறை கேட்டில் 108 வண்டி நின்றது. ஏற்றி அனுப்பினார்கள். கூடியிருந்தவர்களில் ஒருவர், "இதுக்குப் போய் இவ்வளவு கூலியா" என்று முணுமுணுத்தார்.

நானும் டீக்கடையில் அவர்களோடு உட்கார்ந்தேன். அவர்களில் மூத்தவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். "பாதை எங்களுக்குத் தெரியும் சாமி. ஆளுக்கு உள்ள என்ன ஆச்சுன்னுதான் தெரியாது. தூக்குறதா வேணாமான்னே சில சமயம் தெரியல."

யோசித்துப் பாருங்கள். நெஞ்சுவலிக்காரரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்துக் கொண்டுவருவது சரிதான். அதே நாற்காலியில் முதுகெலும்பு அடிபட்டவரை மடக்கி உட்கார வைத்தால், ஆயுளுக்கும் கால் விளங்காமல் போகலாம். அவருக்குப் பலகை மாதிரி நேரான ஸ்ட்ரெச்சர் வேண்டும், கழுத்து அசையக்கூடாது. பாம்பு கடித்தவர் காலை இறுக்கிக் கட்டக்கூடாது, கீறக்கூடாது, அவரை நடக்கவிடக்கூடாது. மூச்சு நின்றவருக்கு மார்பை அழுத்துவதை அந்த இடத்திலேயே தொடங்கணும், டோலி வரும்வரை காத்திருக்கக்கூடாது. இதெல்லாம் பெரிய படிப்பில்லை. எட்டாவது படித்த ஆளுக்கு ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி செய்ய வைத்தால் கைவந்துவிடும். பாதையைச் சொல்லிக்கொடுப்பதுதான் கஷ்டம், அது அவர்களுக்குப் பரம்பரையாகவே தெரியும். பட்டணத்தில் ஜிம்முக்குப் போகும் பையன்களை வைத்து இந்தக் குழுவை அமைக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். அவர்கள் வந்து சேருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

இங்கிலாந்தில் இருக்கும் என் மைத்துனர் மகன், அங்கே ஏரி மாவட்டம் என்று சொல்லப்படும் மலைப்பகுதிக்கு அடிக்கடி நடக்கப் போவான். அங்கே மீட்பு எப்படி என்று அவனைத் துருவித்துருவிக் கேட்டேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவான மலை மீட்புக் குழுக்கள். எல்லாரும் சம்பளமில்லாத தன்னார்வலர்கள். வாத்தியார், எலெக்ட்ரீஷியன், ஆட்டுப்பண்ணைக்காரர் என்று அந்தந்த ஊர்க்காரர்கள். 999-க்குக் கூப்பிட்டு போலீஸைக் கேட்டால், போலீஸ் குழுவை எழுப்பும். தொலைந்தவர் செல்போனுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, அதை அழுத்தச் சொல்லி, இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். மீட்கப்பட்டவரிடம் காசு வாங்குவதில்லை. செலவில் பெரும்பகுதி நன்கொடைதான்.

அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே தன்னார்வலருக்கு வேறு சம்பளம் இருக்கிறது. நம் பளியர் இளைஞருக்கு ஒரு நாள் கூலி போனால் அன்றைக்கு அடுப்பு எரியாது. ஆகவே கூப்பிட்டு வந்த ஒவ்வொரு நாளுக்கும், பயிற்சி நாளுக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். சேவை என்று சொல்லி ஏழையிடம் இலவசமாக வாங்குவது எனக்கு ஒப்பாது.

முப்பத்தாறு வருடம் டெலிபோன் வேலை பார்த்தவன் என்பதால் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். மலையில் முதலில் சாவது சிக்னல். பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிட்டால் எந்தக் கம்பெனி சிம்மும் பேசாது. வாக்கிடாக்கிக்கும் மறைவு ஆகாது, ஆனால் உயரமான முகட்டில் ஒரு ரிப்பீட்டர் வைத்தால் இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவுக்குப் பேசலாம். வனத்துறையிடம் வயர்லெஸ் ஏற்கெனவே இருக்கிறது. குழுவுக்கு நாலு செட் கொடுத்து, யார் யாரிடம் பேசுவது என்று எழுதி வைத்தால் போதும்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். மத்திய அரசின் 'ஆப்த மித்ரா' திட்டத்தில் 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் பேருக்குப் பேரிடர்ப் பயிற்சி, உபகரணப் பை, இன்சூரன்ஸ் என்று ஏற்கெனவே திட்டமிட்டார்கள். வெள்ளம், புயல், நிலச்சரிவு, பூகம்பத்துக்கு அது. அதோடு மலை மீட்பையும் சேர்க்கலாம். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தபோது, அந்தந்த ஊர் இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து வைத்தது. நல்ல காரியம், மனசார வாழ்த்துகிறேன். ஆனால் அது ஆன்லைனில் பதிவுசெய்து வருகிறவருக்கு. அமாவாசைக்கு வெறுங்காலோடு கூட்டம் கூட்டமாக ஏறுகிறவர்களுக்கு?

எனக்கும் ஒரு பயம் உண்டு. தன்னார்வலர் என்றதும் நம் ஊரில் பனியனும் விசிலும் அடையாள அட்டையும்தான் முதலில் வரும். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது பார்த்திருப்பீர்கள், பேட்ஜ் குத்தியவர்கள் கூட்டமே தனிக்கூட்டமாக நிற்கும். மலைக் குழு அப்படி ஆகிவிடக்கூடாது. இருபது பேர் போதும், ஆனால் இருபது பேரும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வருகிறவர்களாக இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லும் அதிகாரமும் அவர்களுக்கு வேண்டும். 2015 மே மாதம் சதுரகிரியில் திடீரென்று காட்டாறு பெருகிப் பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டது நினைவிருக்கும். ஓடையில் தண்ணீர் ஏறினால், கயிறு கட்டி நம்மைக் கடக்க வைக்கலாமா, வடியும்வரை இக்கரையிலேயே உட்கார வைக்கலாமா என்று குழுத் தலைவர் சொன்னால் அதுதான் முடிவு. பின்னால் நிற்கும் பிரமுகர் அவசரப்படுத்தக்கூடாது.

மனு ஒன்று எழுதி முடித்துவிட்டேன். திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுக்கலாம் என்று பார்த்தால், தாணிப்பாறை விருதுநகர் மாவட்டம், சாப்டூர் வழி மதுரை மாவட்டம், மேலே காடு முழுக்கப் புலிகள் காப்பகம். ஆகவே இரண்டு கலெக்டருக்கும் வனத்துறைக்குமாக மூன்று நகல் எடுத்திருக்கிறேன். டோலி தூக்குகிற அந்த மூத்தவரிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் கொடுப்பது என்று இருக்கிறேன். கூலி எவ்வளவு என்ற இடத்தை அவர் சொல்வதற்காக வெற்றாக விட்டிருக்கிறேன்.